தேங்கா சாரின் அலமாரி

பேரன் பிறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. குணாளன் இன்னும் அவனைக் கையில் வாங்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. பிள்ளை பிறந்த அன்றைக்குப் பார்த்து இந்த மனிதருக்குச் சளியும் இருமலும் பிடித்துக்கொண்டது. மருத்துவமனைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் முகக்கவசம் போட்டு நின்றுகொண்டு, ஒரு துணிச்சுருட்டைப் பார்த்துவிட்டு வந்தார். முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அதன் பிறகும் இருமல் விட்டபாடில்லை. "நல்லா ஆயிட்டு வாங்கப்பா. முப்பது அன்னைக்கு நீங்கதான் தொட்டில்ல போடணும்" என்று மகள் லோஷினி போனில் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

உலு திராம் ஊரில், வரிசை வீடுகளில் ஓர் ஓரத்து வீடு. அறை மூன்று, ஆள் ஒன்று. மனைவி மலர் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. மகளும் மருமகன் ஜீவனும் ஸ்கூடாயில் இருந்தார்கள். தனிமை என்றதும் ஒரு கிழவர் மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வதாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. குணாளனுக்குச் சமைக்கத் தெரியும், சலவை இயந்திரம் ஓட்டத் தெரியும், செய்தி வாசிப்பவரிடம் சண்டை போடவும் தெரியும். சாயங்காலமானால் பேச ஆளில்லை, அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் இருக்கிறதே, அதுதான் மனிதரை அரித்தது.

அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். படுக்கையறையில் மலருடைய இரும்பு அலமாரி. சாயங்கால விளக்கை ஏற்றிவிட்டு வந்து, அதன் இரண்டு கதவையும் திறந்துவிட்டு முன்னால் நிற்பார். மடித்து அடுக்கிய புடவைகளிலிருந்து ஒரு வாசம் வரும். மலர் இப்போதுதான் உடுத்திக்கொண்டு வெளியே கிளம்புகிறாள் என்பதுபோல இருக்கும். "கறிக்கு உப்பு கூடிப்போச்சு இன்னைக்கு" என்பார். "லோஷி போன் பண்ணுனா" என்பார். பதில் வராதுதான். ஆனால் கேட்டுக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள் என்கிற நினைப்பு வரும். பிறகு, புடவை மடிப்புக்குள் பாச்சை உருண்டை கரைந்து பட்டாணி அளவுக்கு வந்திருந்தால், அதை எடுத்துவிட்டுப் புது உருண்டை வைப்பார். பூச்சி அரிக்கக் கூடாதென்று மலர் அப்படித்தான் செய்வாள். அவள் விட்ட இடத்திலிருந்து இவர் தொடர்ந்தார். விசேஷத்துக்குப் போடும் அவருடைய வேட்டி சட்டையும் அதே அலமாரியில்தான் தொங்கின.

குணாளன் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்சைம் பாடம் வந்தால் ஆளே மாறிவிடுவார். வகுப்புக்குத் தேங்காய்த் துருவியைத் தூக்கிக்கொண்டு போவார். மேசை மேல் அதை வைத்து, அரைமூடித் தேங்காயை அவர் துருவத் துருவப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "சிரிங்க, சிரிங்க. பரீட்சையில இது மட்டுந்தான் ஞாபகம் இருக்கும்" என்பார். என்சைம் என்பது துருவி. அதனிடம் வருகிற பொருள் தேங்காய் மூடி. மூடி வந்து துருவியின் பல்லில் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தினால் பூவாக உதிரும். அந்தப் பூதான் விளைபொருள். பூ கறிக்குப் போய்விடும். துருவி தேயாமல் குறையாமல் அப்படியே அடுத்த மூடிக்குக் காத்திருக்கும். கையாலேயே தேங்காயைப் பிய்க்கலாம், ஆனால் கறி கொதிக்கிறதற்குள் வீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். உடம்பில் நடக்கிற வேலையும் அப்படித்தான், துருவி இல்லாவிட்டால் நேரத்துக்கு எதுவும் நடக்காது. இதுதான் அவர் பாடம். மலாய்ப் பிள்ளைகள் 'சிக்கு கெலாப்பா', தேங்காய் வாத்தியார் என்று பேர் வைத்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் தேங்கா சார். இரண்டு பெயர்களும் அவருக்குப் பிடித்தே இருந்தன, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பேரன் பிறந்த மூன்றாம் நாளோ என்னவோ ஜீவன் பதறிப்போய் போன் பண்ணினான்.

"மாமா, புள்ள ரத்தத்துல ஏதோ என்சைம் கொறைச்சலாம். ஜி-சிக்ஸ்-பி-டின்னு சொல்றாங்க. நர்ஸ் என்னமோ பெரிய லிஸ்ட் சொல்றாங்க, அது குடுக்காதீங்க, இது குடுக்காதீங்கன்னு. லோஷி அழுதுகிட்டு இருக்கா."

மற்றவர்களாயிருந்தால் தாங்களும் பதறியிருப்பார்கள். குணாளனுக்கோ, கடவுளே மன்னிக்கட்டும், ஒரு சந்தோஷம் வந்தது. எத்தனை நாளாயிற்று, தனக்குத் தெரிந்ததை ஒருத்தர் கேட்டு! இருமலை அடக்கிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க மாப்ள. நம்ம ஊர்ல நெறைய ஆம்பளப் புள்ளைங்களுக்கு இருக்கிறதுதான். துருவி இருக்கு, பல்லுதான் மழுங்கல். புரியுதா? அந்த என்சைம் ரத்தத்துல இருக்கிற சர்க்கரையைத் துருவி, செவப்பணுவைக் காப்பாத்துற ஒரு சரக்கை உண்டாக்கித் தரணும். நம்ம பையனுக்கு அந்தச் சரக்கு கொஞ்சமாத்தான் வரும். சும்மா இருக்கிறப்ப ஒண்ணும் பண்ணாது. ஒத்துக்காதது ஏதாச்சும் உள்ள போச்சுன்னா, காப்பாத்த ஆளில்லாம செவப்பணு ஒடையும். புள்ள மஞ்சளாயிடும். அதை மட்டும் பாத்துக்கிட்டா போதும், நூறு வயசு இருப்பான்."

"சரிங்க மாமா. சில பீன்ஸ் கூடாதாம், சீன மருந்து கூடாதாம், பாச்ச உருண்ட கூடாதாம்…"

"தெரியும் மாப்ள, தெரியும்" என்றார் தேங்கா சார்.

தெரியும் என்று அவர் சொன்னது பொய் இல்லை. கேட்டிருந்தால் பாச்சை உருண்டையில் என்ன இருக்கிறது, அது உடம்புக்குள் போய் என்னவாக மாறுகிறது, சிவப்பணுவை எப்படிக் குலைக்கிறது என்று பலகை நிறைய எழுதிக் காட்டியிருப்பார். ஆனால் போனை வைத்துவிட்டு, சாயங்காலம் அதே அலமாரியைத் திறந்து, அதே வாசத்தின் முன்னால் நின்று, "மலர், ஒம் பேரனுக்கு ஒரு துருவி மழுங்கலாம்" என்றுதான் சொன்னார். அவருடைய படிப்பு ஒரு அறையில் இருந்தது, அவருடைய துக்கம் இன்னொரு அறையில் இருந்தது. நடுவில் கதவு இல்லை.

முப்பதாம் நாள் வந்தது. இருமலும் போயிருந்தது. பிள்ளையைத் தொட்டிலில் போடப் புதுத் துணி ஆகாது. குடும்பத்துப் பெண் உடுத்தி உடுத்தி நைந்த புடவைதான் வேண்டும், மெத்தென்று இருக்கும், மனுஷ வாசமும் இருக்கும். லோஷினியைத் தாலாட்டியது மலருடைய இலைப்பச்சைப் பருத்தி வாயில் புடவை. "இவ புள்ளைக்கும் இதுலதான் கட்டணும், எங்கேயாச்சும் தூக்கிக் குடுத்துறாதீங்க" என்று மலர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். அன்று காலையில் குணாளன் அந்தப் புடவையை எடுத்தார். மடிப்பிலிருந்த உருண்டைகளை ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்தார். ஆகாது என்பது ஞாபகம் இருந்தது அல்லவா? கொல்லையில் கொண்டுபோய் இரண்டு உதறு உதறினார். வேலை முடிந்தது என்று நினைத்தார். பத்திரமாக இருக்கட்டுமென்று பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, தெப்ராவ் சாலை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஸ்கூடாய் போய்ச் சேர்ந்தார். வழியெல்லாம் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே போனார். பிள்ளையின் தலையை எப்படித் தாங்குவது என்று மறந்துபோயிருக்குமோ என்று பயம்.

வீட்டு முன்னால் கேனோப்பிப் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே கூடத்தின் நடுவில் தொட்டில் ஸ்பிரிங் தொங்கியது. ஜீவனுடைய அம்மா அங்கம்மா, "வாங்க சம்மந்தி, ஒங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள். சுற்றிலும் உறவுக்காரர்கள். குணாளன் பையை அவிழ்த்துப் புடவையை விரித்தார், ஸ்பிரிங்கில் மாட்டினார், மலர் போடுகிற முடிச்சையே போட்டார். முடிச்சு சரியாக விழுந்ததில் அவருக்கே பெருமை. திரும்பினால், குளிப்பாட்டிப் பொட்டு வைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லோஷினி அறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். குணாளன் இரண்டு கையையும் நீட்டினார்.

லோஷினி பாதிக் கூடத்தில் நின்றாள். மூக்கைச் சுளித்தாள்.

"என்ன வாசம்ப்பா இது?"

குணாளன் சிரித்தார். மனசு நிறைந்து சிரித்தார். "அம்மா வாசம்மா" என்றார்.

அவள் பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு வந்து, புடவையின் ஓரத்தை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். சுட்டதுபோல் கையை விட்டாள்.

"இது அம்மா இல்லப்பா. பாச்ச உருண்ட."

நின்றவர்களில் சிலர் தொட்டிலிலிருந்து விலகினார்கள்.

"உருண்டையெல்லாம் எடுத்துட்டேம்மா. ஒதறிட்டேன்" என்றார் குணாளன்.

"துணி பூரா ஏறிக் கெடக்குப்பா! இதுக்குள்ளயா புள்ளையப் போடச் சொல்றீங்க? நீங்கதான ஜீவனுக்குப் பாடம் எடுத்தீங்க? அத்தை, அவன உள்ள கொண்டுபோங்க. கதவச் சாத்துங்க."

அங்கம்மா பிள்ளையோடு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. யாரோ சன்னல்களைத் திறந்தார்கள். குணாளன் நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், தான் போட்ட முடிச்சையே அவிழ்க்கத் தொடங்கினார். ஜீவன் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க சட்டையிலயும் அடிக்குது. கொஞ்ச நேரம் வெளிய ஒக்காருவோமா?"

வெளியே கேனோப்பிக்கு அடியில் உட்கார்ந்தார். கூடத்தில் வேறு புடவை கட்டினார்கள், அங்கம்மாவுடையது. அவளே பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். குலவைச் சத்தம் கேட்டது. சாப்பாடு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நல்ல மனிதர்கள், பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசினார்கள். அங்கம்மா வெளியே வந்து, "விடுங்க சம்மந்தி, ஆம்பளைக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். முப்பது வருடம் அதையே சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த ஆறுதல் போய்த் தைத்தது. பிள்ளையைப் பார்க்காமலே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அந்த வாசம் வந்து எதிரில் நின்றது. எங்கே போய்விட்டு வந்தாலும் அது அப்படித்தான் வாசலில் வந்து நிற்கும். மலர் காத்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்துக்கொள்வார். அன்றைக்கு நேரே சமையலறைக்குப் போனார். அடுத்த மாதத்துக்கென்று வாங்கி வைத்த பாச்சை உருண்டைப் பாக்கெட் பிரிக்காமல் இருந்தது. பிரித்து முகர்ந்து பார்த்தார்.

அதே வாசம். கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை காலம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம்? கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி வந்து, அவளென்று பேர் வைத்து, உப்புக் கூடியதையும் போன் வந்ததையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சரி, மலருடைய வாசம் எது? கண்ணை மூடி யோசித்தார். அவள் கழுத்துப் பக்கம், தலைமுடி, வேலை முடிந்து வந்து நிற்கையில் வருகிற வியர்வை, ஒன்றும் வரவில்லை. இந்த உருண்டை வந்து எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்திருந்தது. உண்மையான வாசம் எப்போதோ போய்விட்டது, இவர்தான் கவனிக்கவில்லை. அவள் செத்த அன்று அழாத அழுகையை அன்றைக்கு அழுதார், வாய்விட்டு.

அதைவிடப் பெரிய பயம் மறுநாள் வந்தது. பிள்ளை சில நிமிடம் அந்தக் கூடத்தில் இருந்ததே, ஏதாவது ஆகியிருக்குமா? அவ்வளவு நேரத்தில் ஆகாது என்று படிப்பு சொன்னது. படிப்பை நம்ப இப்போது அவருக்குத் தைரியம் இல்லை. போன் பண்ணிக் கேட்கவும் முகம் இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு அது அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக இருக்கிறவர்களுக்குப் பயத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் கிடையாது, முழுதும் அவர்களே சாப்பிட வேண்டும்.

கடைசியில் லோஷினியே கூப்பிட்டாள். "புள்ளைக்கு ஒண்ணும் ஆகலப்பா. ரெண்டு நாளா அவன் கண்ணையே பாத்துக்கிட்டு இருந்தோம், மஞ்சளாகுதான்னு. இல்ல. நல்லாப் பால் குடிக்கிறான்." பிறகு, "எல்லார் முன்னாடியும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுப்பா" என்றாள்.

"சரியாத்தாம்மா பேசுன. நான் வீட்டச் சுத்தம் பண்ணிட்டு வர்றேன்."

"அம்மா பொடவையெல்லாம் என்னப்பா பண்ணுவீங்க?"

"பாக்குறேன்" என்றார்.

பார்த்தார். புடவைகளையெல்லாம் கொல்லைக் கொடியில் போட்டார். கொடி போதாமல் வேலிமேலும் போட்டார். துவைத்தார், காயவைத்தார், மறுபடி துவைத்தார். மெத்தை உறை, திரைச்சீலை, தன்னுடைய உடுப்பு எல்லாமே சலவைக்குப் போயின. பக்கத்து வீட்டு ரோஹானி அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, நல்ல காரியம் செய்தீர்கள் சிக்கு, இத்தனை நாளும் காற்று இந்தப் பக்கம் அடித்தால் என் மூக்கு எரியும் என்று மலாயில் சொன்னாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது! சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை, மனைவி போன மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டிருக்கிறார்கள்.

புடவைகளை எத்தனை முறை துவைத்தாலும், அலமாரிக்குள் திரும்பப் போனால் வாசம் மறுபடி ஏறிக்கொண்டது. இரும்பே அதைக் குடித்து வைத்திருந்தது. பழைய பேப்பரும் பழைய இரும்பும் கேட்டு ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டு லாரி ஒன்று தெருவில் வருமே, அதை நிறுத்தினார். இரண்டு பேர் வந்து அலமாரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலைத் தாண்டும்போது கதவு தானாகத் திறந்து ஆடியது. "பாத்து, பாத்து" என்றார், உள்ளே யாரோ இருப்பதுபோல. புடவைகளை இன்னொரு முறை அலசி, உடுத்த ஆளிருக்கும் வீடுகளுக்குக் கொடுத்தார். இலைப்பச்சைப் புடவை மட்டும் துவைத்துத் துவைத்துக் கையோடு கிழிந்துவிட்டது. சுவரில் அலமாரி நின்ற இடத்தில் பழைய பெயிண்ட் நிறம் மாறாமல் இருந்தது. அலமாரி வருமுன் காலண்டர் மாட்டிய ஓர் ஆணி அதன் நடுவில் இருந்தது.

தன் மூக்கை இனி நம்புவதில்லை என்று முடிவுகட்டியிருந்தார். அதனால் ஸ்கூடாய் கிளம்புகிற அன்று புதுச் சட்டையின் கையை வேலிக்கு மேலாக நீட்டி, முகர்ந்து பார்க்கும்படி ரோஹானி அக்காவைக் கேட்டுக்கொண்டார். அவளும் கடமையாக முகர்ந்துவிட்டு, "தா அடா, சிக்கு. ஹாபிஸ்" என்றாள். ஒன்றும் இல்லை, எல்லாம் தீர்ந்தது. தீர்ந்தது என்று ஒரு தரம் தானும் சொல்லிப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தார்.

லோஷினி கேட்டைத் திறந்தாள். கிட்டே வந்து, அவர் சட்டைக் காலரில் முகத்தை வைத்து முகர்ந்தாள். பார்க்கிறவர்களுக்கு மகள் அப்பாவைக் கட்டிக்கொள்வதாகத் தெரிந்திருக்கும். "வாங்கப்பா" என்றாள். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, பிள்ளையைக் கையில் வைத்தாள்.

ஒரு தேங்காய்க் கனம்கூட இல்லை என்று நினைத்தார். தலையைத் தாங்க மறக்கவில்லை. பேரன் அவரை ஒரு கண்ணால் பார்த்தான், கொட்டாவி விட்டான், யாரோ எவரோ என்று தூங்கிப்போனான். கன்னத்தில் மஞ்சள் இல்லை, நல்ல சிவப்பு. தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். எவ்வளவு நேரமென்று அவருக்குத் தெரியாது, யாரும் வாங்கிக்கொள்ளவும் வரவில்லை. கடைசியில் பிள்ளை ஓர் ஏப்பம் விட்டு, குடித்த பாலில் கொஞ்சத்தை அவர் தோளில் கக்கினான்.

"அய்யோ, புதுச் சட்ட! கழட்டுங்கப்பா, அலசிப் போடுறேன்."

"வேணாம்மா" என்றார் குணாளன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தார். எதிரில் வந்து நிற்க ஒன்றும் இல்லை. விளக்கை ஏற்றினார். கால் தானாகப் படுக்கையறைக்குப் போய், அலமாரி இருந்த சுவருக்கு முன்னால் நின்றது. சட்டையைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டினார். தோள் பக்கம் கறை காய்ந்திருந்தது. குனிந்து முகர்ந்தார். புளித்த பால் வாசம். உள்ளே போன பால், வயிற்றுக்குள் இருக்கிற துருவிகளிடம் பட்டுத் திரிந்து, வேறாகி வெளியே வந்திருக்கிறது. கடையில் கிடைக்காத வாசம்.

"ஒண்ணுதான் மழுங்கல், மலர்" என்றார். "மத்ததெல்லாம் நல்லா வேலை செய்யுது."

சொல்லிவிட்டு, பழக்கத்தில், பதிலுக்காகக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.